சம்பளத்தை மறுத்து வகுப்பை நடத்திய பேராசிரியர்: ஜகதீஸ் சந்திர போஸ்

மின்காந்த அலைகளைப் படிக்கும் நமது உயர்தர மாணவர்களுக்கு ஹேர்ட்ஸையும் மார்க்கோனியையும் தெரியும். இந்த இருவருக்கும் நடுவே, கல்கத்தாவில் போதிய ஆய்வுகூட வசதி எதுவுமின்றி உழைத்த ஜகதீஸ் சந்திர போஸின் பெயர்தான் பல வேளைகளில் விடுபட்டுப் போகிறது.

1858 நவம்பர் 30ஆம் திகதி வங்காளத்தில் பிறந்தவர் போஸ். தந்தை அரசாங்க அதிகாரி. வசதியானவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பாடசாலைக்குப் போன அந்தக் காலத்தில், தாய்மொழியும் சொந்த மக்களும் முதலில் தெரியவேண்டும் என்று கருதி மகனை வங்காளிப் பாடசாலையில் சேர்த்தார். மீனவரின் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்த சிறுவன், பின்னர் கேம்பிரிட்ஜ் வரை சென்றார்.

1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகவியல் பேராசிரியரானார். இந்தியர் என்பதற்காக, ஐரோப்பியப் பேராசிரியர்களுக்குக் கொடுத்ததிலும் குறைந்த சம்பளமே அவருக்குத் தரப்பட்டது. போஸ் வேலையை விடவில்லை. குறைத்துத் தந்த சம்பளத்தையும் தொடவில்லை. மூன்று ஆண்டுகள் ஊதியமின்றியே கற்பித்தார். ஒரு வகுப்பும் குழம்பவில்லை. இறுதியில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு வழங்கியது.

ஹேர்ட்ஸ் தமது பரிசோதனைகளில் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. அவற்றைக் கையாளப் பெரிய கருவிகளும் இடமும் வேண்டும். அலைநீளத்தைச் சில மில்லிமீற்றர்களாகக் குறைத்தால் மேசைமேல் வைத்தே ஒளியைப் போல ஆராயலாம் என்று போஸ் கண்டார். உள்ளூர்த் தகரவேலைக்காரரின் உதவியோடு கருவிகளைச் செய்தார். ஒரு ரயில் நேரசூசிப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, அலைகளை முனைவாக்கும் கருவியாக்கினார். வங்காளத்தில் விளையும் சணலை முறுக்கி, அதனூடே அலையைச் செலுத்தினால் அதன் முனைவாக்கத் தளம் திரும்புவதையும் காட்டினார்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், 75 அடிக்கு அப்பால், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலை ஒரு மணியை ஒலிக்கவைத்தது, வெடிமருந்தையும் வெடிக்கவைத்தது. இடையில் கம்பி எதுவும் இல்லை. மார்க்கோனி அத்திலாந்திக் கடலைத் தாண்டிச் சமிக்ஞை பெற்றது அதற்குப் பிறகு, 1901இல்தான்.

கண்டுபிடிப்பைப் பணமாக்குவதில் போஸுக்கு நாட்டமில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையையும் அவர் வருமானத்துக்குப் பயன்படுத்தவில்லை. பின்னர் தாவரங்களின் உணர்வுகளை ஆராயத் திரும்பினார்; 1917இல் தம் பெயரில் ஆய்வு நிலையம் அமைத்தார். சத்யேந்திரநாத் போஸ், மேக்நாத் சாகா போன்றோர் அவரிடம் படித்தவர்கள். 1937 நவம்பர் 23ஆம் திகதி காலமானார்.

அவர் தொட்ட மில்லிமீற்றர் அலைகளைத்தான் இன்றைய ஐந்தாம் தலைமுறைக் கைத்தொலைபேசி வலையமைப்புகளும் பயன்படுத்தத் தொடங்கியுள்ளன. பற்றரிக்குத் தடையிருந்த நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நமக்கு, கையில் கிடைத்ததைக் கொண்டு அலையைப் பிடித்த இந்த ஆசிரியர் அந்நியர் அல்லர். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் இந்தப் பாடத்தைத் தொடங்கும் ஆசிரியர்கள், முதலில் இவரது கதையைச் சொல்லலாம்.