ஐஸ்கிரீம் உருகியது, இன்ஜின் பிறந்தது!
(ஓலே எவின்ரூட் வாழ்க்கைக் கதை)

நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. தண்ணீர் மேல் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாய்கிற ரேஸ் படகுக்கு என்ன பேர் தெரியுமா? கேட்டமரான்! நம்ம கட்டுமரம்தான் அது. நம் மீனவர்கள் மரங்களைச் சேர்த்துக் கட்டி கடலுக்குப் போனார்களே, அந்தக் கட்டுமரத்தின் பேரை வெள்ளைக்காரர்கள் எடுத்துப்போய், பின்னாளில் இரட்டை உடல் கொண்ட படகுக்கு வைத்துவிட்டார்கள்.

சரி, பேர் நம்முடையது. அந்தப் படகின் பின்பக்கம் மாட்டியிருக்கிற இன்ஜினை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவர் யார்? அவர்தான் ஓலே எவின்ரூட். ஒரு கட்டத்தில் அவர் தன் சொந்தப் பேரையே எதிர்த்துப் போட்டி போட்டார். அது எப்படின்னு கேட்கிறீர்களா? மேலே படியுங்கள்.

பண்ணை வீட்டுப் பையன்

ஓலே 1877 ஏப்ரல் 19 அன்று நார்வே நாட்டில் பிறந்தார். அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் கப்பலேறி அமெரிக்கா வந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊர்ப்பக்கம் விவசாயம் பார்த்தார்கள். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். ஆனால் இயந்திரம் என்றால் உயிர். 16 வயதில் மேடிசன் நகரத்துக்குப் போய்ப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் வேலை, ராத்திரியில் பொறியியல் புத்தகம். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, தானே படித்தார். பிட்ஸ்பர்க், சிகாகோ என்று பல ஊர்ப் பட்டறைகளில் தொழில் பழகிவிட்டு மில்வாக்கி நகரத்துக்கு வந்தார்.

உருகிப்போன ஐஸ்கிரீம்

மில்வாக்கியில் பெஸ் கேரி என்ற பெண்ணுடன் அவருக்குப் பழக்கம் ஆனது. ஒரு கோடை நாளில் நண்பர்கள் எல்லோரும் ஒகாச்சி ஏரியில் உள்ள ஒரு தீவுக்குப் போனார்கள். நல்ல வெயில். பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட ஆசை வந்தது. கடையோ அக்கரையில் இருக்கிறது, சுமார் 4 கிலோமீட்டர். ஓலே துடுப்பைப் பிடித்துப் போனார், வாங்கினார், மறுபடி வலித்துக்கொண்டு வந்தார். கை வலித்ததுதான் மிச்சம், ஐஸ்கிரீம் உருகிப் போச்சு! படகில் ஒரு மோட்டார் இருந்திருந்தால் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது என்று சொல்வார்கள்.

இதற்கு முன்பும் சிலர் படகில் கழற்றி மாட்டும் மோட்டார் செய்திருக்கிறார்கள். அவர்தான் முதல் ஆள் என்று சொல்ல முடியாது. ஆனால் சாதாரண ஜனங்கள் நம்பி வாங்குகிற மாதிரி செய்து காட்டியவர் அவர்தான்.

அது எப்படி வேலை செய்கிறது?

இன்ஜின் தண்ணீருக்கு மேலே இருக்கும். அதிலிருந்து ஒரு தண்டு நேராகக் கீழே இறங்கும். அடியில் இரண்டு பல்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அதில் விசிறி சுற்றும், படகு நகரும். மோட்டார் முழுவதையும் இடமோ வலமோ திருப்பினால் படகும் திரும்பும். சுக்கான் தனியாக வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் திருகைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போகலாம்.

1906-ல் ஓலேவுக்கும் பெஸ்ஸுக்கும் கல்யாணம் நடந்தது. முதல் மோட்டாரைப் பார்த்ததும் காபிக்கொட்டை அரைக்கிற மெஷின் மாதிரி இருக்கு என்று பெஸ் கேலி பண்ணினாராம். ஆனால் கேலியோடு நிற்கவில்லை. வீட்டையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டே கம்பெனிக் கடிதங்களையும் கணக்கையும் விளம்பரத்தையும் அவரே கவனித்தார். 1909-ல் விற்பனை தொடங்கியது. மோட்டாரின் பலம் 1.5 குதிரைத்திறன், எடை சுமார் 28 கிலோ, விலை 62 டாலர். ஓலே பட்டறையைப் பார்த்தார், பெஸ் வியாபாரத்தைப் பார்த்தார். சில வருஷத்திலேயே வெளிநாட்டு மீனவர்கள் வரைக்கும் எவின்ரூட் பேர் பரவிவிட்டது.

பேரையே விட்டுக்கொடுத்தார்

இனிமேல்தான் முக்கியமான இடம். ஓயாத உழைப்பில் பெஸ்ஸின் உடல்நிலை மோசமாயிற்று. ஓலே என்ன செய்தார் தெரியுமா? நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்பெனியில் தன் பங்கைக் கூட்டாளிக்கே விற்றுவிட்டார். ஐந்து வருஷத்துக்குப் படகு மோட்டார் தொழில் பக்கமே வருவதில்லை என்று ஒப்பந்தமும் போட்டார். மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். கம்பெனி போச்சு, மோட்டார் போச்சு, அதில் எழுதியிருந்த சொந்தப் பேரும் போச்சு.

பெஸ் தேறினார். ஓலேவின் கை சும்மா இருக்குமா? அலுமினியத்தில், இரண்டு சிலிண்டருடன் ஒரு புது மோட்டார் வடிவமைத்தார். பழையதைவிட எடை குறைவு, பலமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதலில் பழைய கூட்டாளியிடம்தான் கொண்டுபோய்க் காட்டினார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். வேறு வழி? 1921-ல் புதுக் கம்பெனி ஆரம்பித்தார். பழைய பேரை வைக்க முடியாது, அது விற்றாகிவிட்டதே! அதனால் மோட்டாரின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்து எல்டோ என்று வைத்தார்கள். கடையில் ஒரு பக்கம் எவின்ரூட் மோட்டார், பக்கத்திலேயே எவின்ரூட் செய்த எல்டோ மோட்டார். யோசித்துப் பாருங்கள், அந்த மனுஷருக்கு எப்படி இருந்திருக்கும்!

பந்தயம் சூடு பிடித்தது

1920-களில் அமெரிக்காவில் படகுப் பந்தய மோகம் தலைக்கேறியது. ஜான்சன் கம்பெனியும் களத்தில் குதித்தது. யார் மோட்டார் முந்துதோ அதுதான் விற்கும். 1928-ல் எல்டோ கம்பெனி நான்கு சிலிண்டர் மோட்டாரைக் கொண்டுவந்தது. அதன் பலம் 18 குதிரைத்திறன். 19 வருஷத்தில் 12 மடங்கு! 1929-ல் எல்டோ, எவின்ரூட், லாக்வுட் மூன்றும் ஒரே கம்பெனியாக இணைந்தன. தலைவர் யார்? ஓலே எவின்ரூட்! விட்டுக்கொடுத்த பேர் வீடு வந்து சேர்ந்தது.

ஆனால் சந்தோஷம் நீடிக்கவில்லை. 1933-ல் பெஸ் காலமானார். அடுத்த வருஷமே, 1934 ஜூலை 12 அன்று ஓலேவும் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 57. மகன் ரால்ப் கம்பெனியை ஏற்று நடத்தினார்.

கட்டுமரத்தின் பேர் வந்த இடம்

பந்தயம் நிற்கவில்லை. பின்னாளில் இரட்டை உடல் படகுகள் வந்தன. இரண்டு உடலுக்கும் நடுவே சுரங்கம் போல இடைவெளி. அதில் புகும் காற்று படகைத் தூக்கிவிடும். தண்ணீரின் உராய்வு குறையும், வேகம் எகிறும். மூக்கு கொஞ்சம் அதிகமாகத் தூக்கினால் போச்சு, படகு அப்படியே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினார்கள். 1981-ல் தொடங்கிய பார்முலா ஒன் படகுப் பந்தயத்தில் முதல் உலக சாம்பியன் இத்தாலியின் ரெனாட்டோ மொலினாரி. அந்த 1980-களின் பந்தயங்களில் எவின்ரூட் பேர் போட்ட எட்டு சிலிண்டர் மோட்டார்களும் சீறிப் பாய்ந்தன.

2020-ல் எவின்ரூட் மோட்டார் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனால் அந்த முறை நிற்கவில்லை. நம் கடற்கரைக்குப் போனால் பைபர் படகின் பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டாரைப் பாருங்கள். தண்டும் பல்சக்கரமும் விசிறியும் அதே மாதிரிதான்.

நண்பர்களே, ஓலே நமக்குச் சொல்லித் தருவது என்ன? ஜெயிப்பது பெரிசுதான். ஆனால் தேவைப்படும்போது ஜெயித்ததை விட்டுக்கொடுப்பது அதைவிடப் பெரிசு. பேரை விற்கலாம், கையில் உள்ள தொழிலை யாராலும் வாங்க முடியாது. ஆகவே நாமும் ஒரு தொழிலை நன்றாகக் கற்றுக்கொள்வோம்.



– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்