குருதியில் விடை தேடியவர்

உயர்மலையில் ஏறுவோர்க்குத் தலை வலிக்கும், மூச்சு வாங்கும், கால்கள் தள்ளாடும். அதே உயரத்தில் சிற்றெலிகள் ஓடியாடி இரை தேடுகின்றன. லாமாக்கள் சுமை ஏந்தி நடக்கின்றன. ஓர் உயிருக்குத் துன்பம் தரும் காற்று மற்றோர் உயிரை வாழவைப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்குக் குருதியில் விடை தேடியவர் பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் பால் பெர்ட்.

அவர் 1833ஆம் ஆண்டு பிரான்சின் ஓசேர் நகரில் பிறந்தார். சட்டம் பயின்றபின் மருத்துவத்தை நாடினார். புகழ்பெற்ற குளோட் பெர்னாரிடம் மாணவராகச் சேர்ந்து, பின்னர்ப் பாரிசில் அவர் வகித்த பேராசிரியர் பொறுப்பையே ஏற்றார்.

காற்றழுத்தம் குறைவதே மலையேறுவோரை நேரடியாக வருத்துகிறது என அக்காலத்தில் பலர் எண்ணினர். பெர்ட் இரும்பு அறைக்குள் சிட்டுக்குருவிகளை வைத்துக் காற்றை மெல்ல வெளியேற்றினார். தளர்ந்து சாய்ந்த பறவை, ஆக்சிஜனைச் செலுத்தியதும் மீண்டெழுந்தது. அழுத்தத்தை மாற்றாமல் ஆக்சிஜனை மட்டும் குறைத்தபோதும் உயிர்கள் சோர்ந்தன. 1874இல் தாமே அவ்வறைக்குள் அமர்ந்து, ஆக்சிஜனை நுகர்ந்தவாறு எவரெஸ்டு உயரத்திற்கு ஈடான அழுத்தக் குறைவைத் தாங்கினார். உடலை வாட்டுவது ஆக்சிஜன் பற்றாக்குறையே என்பது உறுதியாயிற்று.

இவ்வுண்மைக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1875 ஏப்ரல் 15 அன்று மூவர் 'செனித்' என்னும் பலூனில் வானேறினர். அவர்கள் கொண்டுசென்ற ஆக்சிஜன் போதாது என எச்சரித்துப் பெர்ட் எழுதிய மடல் உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. ஏறத்தாழ 8,000 மீட்டர் உயரத்தில் கைகள் செயலிழந்தமையால், அருகிலிருந்த ஆக்சிஜன் குழாயைக்கூட அவர்களால் எடுக்க இயலவில்லை. இருவர் இறந்தனர், திசாந்தியே மட்டும் உயிருடன் திரும்பினார்.

1878இல் பெர்ட் தம் ஆய்வுகளைப் பெருநூலாக வெளியிட்டார். மலைவாழ் விலங்குகளின் குருதி மிகுந்த ஆக்சிஜனை ஏற்கவல்லது என்பது அவர் கருத்து. அதனைச் சோதிக்கப் பொலிவியாவின் லா பாஸ் நகரிலிருந்து விலங்குகளின் குருதியை வரவழைத்தார். நெடும்பயணத்தில் அது அழுகிப்போயினும் ஆக்சிஜனை ஏற்கும் திறனை இழக்கவில்லை. அத்திறன் சமவெளி விலங்குகளின் குருதியில் உள்ளதைவிட மிகுதி என 1882இல் அறிவித்தார்.

அரசியலிலும் ஈடுபட்ட அவர், சிறிது காலம் பிரான்சின் கல்வி அமைச்சராக இருந்தார். 1886இல் வியட்நாமில் பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் தலைமைப் பொறுப்பேற்றுச் சென்றவர், அவ்வாண்டே ஹனோயில் காலமானார்.

மூன்றாண்டுகள் கழித்து வியோ என்னும் அறிஞர் பெரு நாட்டு மலைகளுக்குச் சென்றார். ஒரு கன மில்லிமீட்டருக்கு 50 இலட்சமாக இருந்த அவர்தம் சிவப்பணுக்கள் சில வாரங்களில் 80 இலட்சமாகப் பெருகின. எனினும் எல்லா உயிர்களுக்கும் வழி ஒன்றன்று. லாமாவின் சிவப்பணுக்கள் அவ்வாறு பெருகுவதில்லை. அதன் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றுகிறது. சிற்றெலிகளின் குருதிச் செறிவு பருவத்திற்கேற்ப மாறுவதும் பின்னாளில் அறியப்பட்டது. பெர்ட் கண்டது ஒரு விடை. அவர் எழுப்பிய வினா இன்றும் ஆய்வாளரை மலைக்கு அழைக்கிறது.