விலைபேசாத கதிர்

வில்ஹெல்ம் ரோன்ட்கன் 1845ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தார். இயற்பியல் பேராசிரியரான அவர், 1895 நவம்பர் 8ஆம் நாள் தமது ஆய்வுக்கூடத்தில் மின்குழாய் ஒன்றைக் கறுப்பு அட்டையால் மூடி ஆராய்ந்தார். அப்போது, சற்றுத் தொலைவிலிருந்த வேதிப்பூச்சுத் திரை ஒளிர்ந்தது. கண்ணுக்குப் புலப்படாத கதிர் அட்டையை ஊடுருவியதை உணர்ந்தார். அதற்கு ‘எக்ஸ்’ எனப் பெயரிட்டு, சுமார் ஆறு வாரங்கள் அயராது ஆராய்ந்தார். அக்கதிர் தசையை எளிதில் கடந்தது. எலும்போ அதைத் தடுத்தது. மனைவியின் கையைப் படமெடுத்தபோது விரலெலும்புகளும் மோதிரமும் தெரிந்தன.

காப்புரிமை பெற்றிருந்தால் ரோன்ட்கன் பெருஞ்செல்வராகியிருப்பார். ஆனால், தம் கண்டுபிடிப்பு மனிதகுலத்திற்கே உரியது என்று கருதி அதனை மறுத்தார். 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றபோதும், பரிசுத் தொகையைப் பல்கலைக்கழகத்திற்கே வழங்கினார். 1923இல் அவர் மறைந்தார்.

தடையின்றிப் பரவிய அத்தொழில்நுட்பம், கண்டறியப்பட்ட சில ஆண்டுகளிலேயே பேராக்கின் தைப்பிங் மருத்துவமனையை எட்டியது. இன்று ஈப்போவில் எலும்பு முறிந்தவருக்கு எடுக்கப்படும் எக்ஸ்ரே படமும் அவர் விட்டுச்சென்ற கொடையே.