தமிழிசை வளர்த்த பாபநாசம் சிவன்

மாணவச் செல்வங்களே! தந்தையை இழந்து, நிலையான வீடின்றி வளர்ந்த ஒரு சிறுவன், பின்னாளில் தமிழ்த் தியாகய்யர் என்று போற்றப்பட்ட வரலாற்றை அறிந்துகொள்ளுங்கள்.

தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்னும் சிற்றூரில், 1890ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அவர் பிறந்தார். இளமையில் அவர் இராமையா என்று அழைக்கப்பட்டார். ஏழாம் வயதில் தந்தை மறைந்தார். அன்னை யோகாம்பாள் பிள்ளைகளுடன் திருவனந்தபுரம் சென்றார். வறுமையிலும் கல்வியை விடாத இராமையா, அங்கு மகாராஜா வடமொழிக் கல்லூரியில் இலக்கணம் பயின்று தேறினார். நீலகண்ட சிவனின் பக்திப் பாடல்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன.

1910ஆம் ஆண்டு அன்னையும் மறைந்தார். ஆதரவற்ற இளைஞர் ஊர் ஊராகச் சென்று, கோயில்தோறும் பாடினார். தமையனார் வாழ்ந்த பாபநாசத்தில் தங்கியபோது, நெற்றி நிறைந்த திருநீற்றையும் பக்தியையும் கண்ட மக்கள் அவரைப் பாபநாசம் சிவன் என்றே அழைக்கலாயினர். கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் பாட்டைக் கேட்டுக் கேட்டு இசை நுணுக்கங்களைக் கற்றார்.

அக்காலக் கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே மிகுதி. தமிழ்ப் பாடல்கள் இறுதியில் சிலவே ஒலிக்கும். தமிழ் மக்கள் பொருள் விளங்காமலே இசை கேட்டனர். வடமொழியில் வல்லவரான சிவன், தாய்மொழியிலேயே நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளை இயற்றி, தாமே இசையும் அமைத்தார். 1934ஆம் ஆண்டு அவருடைய கீர்த்தனமாலை நூலாக வெளிவந்தது. 1943ஆம் ஆண்டு சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியபோது, தமிழில் உயர்ந்த இசை இயலும் என்பதற்கு அவர் பாடல்களே சான்றாய் நின்றன.

சிவன் மேடையோடு நின்றுவிடவில்லை. மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பாடியவாறு நடந்தார். அம்பிகாபதி, அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் ஆகிய திரைப்படங்களுக்குப் பாடல்கள் எழுதினார். தியாகராஜ பாகவதர் குரலில் அவை பாமரரையும் அடைந்தன. ஜொகூர்த் தோட்டங்களில் பாகவதர் பாட்டை முணுமுணுத்த நம் முன்னோர், சிவனின் தமிழையே முணுமுணுத்தனர். 1939ஆம் ஆண்டு வெளிவந்த தியாகபூமியில், ஒடுக்கப்பட்டோருக்கு அடைக்கலம் தந்து ஊராரால் ஒதுக்கப்படும் சம்பு சாஸ்திரியாக அவர் நடித்தார். அப்படத்தை ஆங்கில அரசு தடை செய்தது.

1971இல் சங்கீத கலாநிதி விருதும், 1972இல் பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், 83ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

பெற்றோர்களே! பால்மரக் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் உழைத்துக் களைத்து வரும் உங்களுக்குப் பிள்ளையின் பாட்டு இரைச்சலாகத் தோன்றலாம். அதை அடக்கிவிடாதீர்கள். தமிழ்ப் பாட்டொன்றைப் பொருளறிந்து பாடும் பிள்ளை, தாய்மொழியை மறக்காது. மாணவர்களே! வறுமை சிவனின் கல்வியைத் தடுக்கவில்லை; பிறமொழிப் புலமை அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. மலாயும் ஆங்கிலமும் செம்மையாகக் கற்றிடுங்கள், தமிழில் பாடிடுங்கள்.