லயத்துப் பிள்ளைகளை ஏட்டில் ஏற்றிய சி. வி. வேலுப்பிள்ளை

மக்கள் கவிமணி எனப் போற்றப்படும் சி. வி. வேலுப்பிள்ளையை எழுத்தாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் அறிந்தோர் பலர். அவர் சில காலம் ஆசிரியராகவும் கடமையாற்றினார் என்பதை நினைவுகூர்வோர் குறைவு. பாகுபாடு பற்றியும் நீதி பற்றியும் சிறு பிள்ளைகளுக்கு எந்த வயதில், எவ்வாறு சொல்லிக் கொடுப்பது என்ற கேள்வி ஆசிரியர் மத்தியில் எழும்போதெல்லாம், அன்னாரது வாழ்க்கையே நமது சிந்தனையில் முன்னிற்கின்றது.

1914 ஆம் ஆண்டு நுவரெலியா மாவட்டத்திலுள்ள மடக்கும்புரத் தோட்டத்தில் அவர் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் பெரிய கங்காணி. லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் முடங்கிக் கிடந்த காலத்தில், கங்காணி வீட்டுப் பிள்ளையின் உலகம் வேறாக இருந்தது. அநீதியை அனுபவித்த வீட்டில் அல்ல, அதனால் வசதி பெற்ற வீட்டிலேயே அவர் வளர்ந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவ்வீட்டுப் பிள்ளைகளுட் பெரும்பாலானோர் அந்த ஒழுங்கை இயற்கையென ஏற்றுக்கொண்டனர், இவர் ஏற்கவில்லை.

எழுத்துக் கூட்டப் பழகுமுன்பே தோட்டத்துப் பிள்ளை மேல் கீழ் என்பதைக் கற்றுக்கொள்கின்றது. துரை வரும் பாதையில் தந்தை ஒதுங்கி நிற்பதைப் பார்க்கின்றது. பிரட்டுக்களத்தில் தாய் ஏச்சு வாங்குவதைக் கேட்கின்றது. எந்த லயத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எந்த லயத்தில் கூடாது என்று சொந்தப் பாட்டியிடமே அறிந்துகொள்கின்றது. ஆம், வெள்ளைத் துரை வகுத்த ஏற்றத்தாழ்வுடன் இந்தியாவிலிருந்து நம்மவர் சுமந்துவந்த சாதியும் சேர்ந்தே லயங்களைப் பிரித்தது.

பாடசாலை இதனைத் திருத்தவில்லை. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்து கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. பிள்ளை படித்தால் கொழுந்து பறிக்க யார் வருவார் என்று எண்ணிய நிர்வாகத்திடமே பள்ளிக்கூடமும் சென்றடைந்தது! ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்புகளும் ஒன்றாக. 1945 இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் இப்பாடசாலைகள் அதன் பயனை உரியவாறு பெறவில்லை. தோட்டங்கள் தேசியமயமாகிய 1970களிலேயே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது.

வேலுப்பிள்ளைக்கு இத்தடை இருக்கவில்லை. அட்டனிலும் நுவரெலியாவிலும் பயின்றபின் கொழும்பு நாலந்தாவில் சேர்ந்தார். பௌத்தக் கல்லூரி ஒன்றில் மலையகத் தமிழ் மாணவன் ஒருவன் சிங்கள மாணவருடன் ஒரே வாங்கில் அமர்ந்து படித்தது, பிற்கால இலங்கையில் காண்பதற்கு அரிதான காட்சியாகிவிட்டது. 1934 இல் இலங்கை வந்த தாகூரிடம் தமது ஆங்கில நாடகமொன்றைக் கையளித்ததும் இளமைப் பருவத்திலேயே.

துரைமாரின் மொழியில் தேர்ச்சி பெற்ற ஒருவர் தோட்ட உத்தியோகத்துடன் அமைதியடைந்திருக்கலாம். அவரோ அந்த ஆங்கிலத்தைக் கொண்டே தோட்டத் தொழிலாளியின் வாழ்வை எழுதினார். சக்தி பாலையா அக்கவிதைகளைத் தேயிலைத் தோட்டத்திலே என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் வெற்றிபெற்ற எழுவருள் வேலுப்பிள்ளையும் ஒருவர். தலவாக்கலைத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பியது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த மக்களை நாடற்றவராக்கியது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952 தேர்தலின்போது அவர்களிடம் வாக்கு இல்லை; பாராளுமன்றத்தில் குரலும் இல்லை.

அக்காலத்தில் அதே காங்கிரஸின் தலைமைப் பீடத்தில் அப்துல் அஸீஸ் அவர்களும் விளங்கினார். பெரும்பாலும் இந்துக்களான தொழிலாளர், முஸ்லிம் ஒருவரைத் தமது தலைவராக மனமுவந்து ஏற்றனர். இதனை நமது பிள்ளைகளுக்கு நாம் எத்தனை தடவை சொல்லியிருக்கின்றோம்? அட்டன், தலவாக்கலைக் கடைத்தெருக்களின் தமிழ், முஸ்லிம் வணிகர் வீட்டுப் பிள்ளைகளும் லயத்துப் பிள்ளைகளும் ஒரே தமிழ்மொழி வகுப்பில் அமர்ந்த காலங்கள் உண்டு. அவ்வகுப்பிலும் தோட்டக்காட்டான் என்ற சொல் ஒலித்தது. அதைச் சொன்ன பிள்ளை அதனைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக் கூடத்திலோ கடைக் கல்லாவிலோ கேட்டதைத்தான் திருப்பிச் சொன்னது. பேரினவாதத்தைக் கண்டிக்கும் நாம் இச்சொல்லைப் பற்றிக் கதைக்க ஏனோ தயங்குகின்றோம்.

வேலுப்பிள்ளை செய்த பணிகளுள் மிக அமைதியானது, நமது கருத்தில் மிகப் பயனுள்ளதும், நாட்டார் பாடல் சேகரிப்பே. எழுதப் படிக்கத் தெரியாத முதியோரிடமும் பெண்களிடமும் கேட்டுக் கேட்டு அவற்றை ஏட்டில் பதித்தார். கங்காணி வீட்டுப் பேரன் ஒருவர் லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து கூலிக்காரக் கிழவியிடம் பாடம் கேட்டார் என்றால், யார் ஆசிரியர், யார் மாணவர் என்ற வரிசையே அங்கு தலைகீழாயிற்று. தன் பாட்டி முணுமுணுத்த பாட்டு அச்சில் இருப்பதைக் காணும் ஏழு வயதுப் பிள்ளை, தன் வீட்டைப் பற்றி வெட்கப்பட வேண்டியதில்லை என்பதை எவரும் உபதேசிக்காமலே அறிந்துகொள்ளும். அருகிலிருக்கும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையும் அறிந்துகொள்ளும்.

1970 இல் தோட்டத்து வாழ்க்கையைச் சித்திரிக்கும் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். பின்னர் வீடற்றவன், இனிப் படமாட்டேன் ஆகிய தமிழ் நாவல்கள் நூலுருப் பெற்றன. 1983 இன் வன்செயல்களையும் கண்ட பின்னர், 1984 நவம்பரில் அவர் காலமானார். அப்போதும் மலையகத்தில் நாடற்றவராகப் பதியப்பட்டோர் பலர் இருந்தனர். எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2003 இல். அவர் மறைந்து பத்தொன்பது ஆண்டுகளின் பின்.