மோரின் பெருமையை உலகறியச் செய்த மெச்னிகாவ்

மோர் வயிற்றுக்கு நல்லது என்பது நம் பாட்டிமார் சொல்லித் தெரிந்த செய்தி. அதை ஆராய்ச்சிக்கூடத்துக்குள் கொண்டுபோய், உலகமே பேசும்படி செய்தவர் ருஷ்ய விஞ்ஞானி இலியா மெச்னிகாவ்.

1845-ஆம் ஆண்டு கார்கிவ் நகருக்கு அருகே ஒரு கிராமத்தில் அவர் பிறந்தார். அன்று அது ருஷ்யப் பேரரசு. இன்று உக்ரைன் நாடு. தந்தை ராணுவ அதிகாரி. நான்கு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை மெச்னிகாவ் இரண்டே ஆண்டுகளில் முடித்தார். இளம் வயதிலேயே ஒடெஸ்ஸா பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார்.

துன்பத்தின் மேல் துன்பம்

அவர் மணந்த லுட்மிலாவுக்குக் காசநோய். திருமணத்தன்று மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத்தான் கோயிலுக்குத் தூக்கிச் சென்றார்கள். 1873-இல் அவள் இறந்தாள். மனம் உடைந்த மெச்னிகாவ் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். பின்னர் ஓல்காவை மணந்தார். அவர் கடைசிவரை கணவருக்குத் துணை நின்றார்.

1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் படைபோல் சூழ்ந்து நின்றன! நம் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களும் இவ்வாறே நோய்க்கிருமிகளை விழுங்குகின்றன என்று அவர் விளக்கினார். பலர் ஏளனம் செய்தனர். அவர் தளரவில்லை. 1888-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்தார். 1908-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

மும்பையில் அவருடைய மாணவர்

மும்பை பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையத்தின் பெயருக்கு உரியவர், ஒடெஸ்ஸாவில் மெச்னிகாவிடம் படித்த மாணவரே. ஆசானைப் பின்பற்றி அவரும் பாஸ்டர் நிலையம் சென்றார். 1897-இல் இந்நகரைப் பிளேக் சூறையாடியபோது, இங்கேயே தடுப்பு மருந்து செய்து, முதலில் தம் உடம்பிலேயே ஊசி போட்டுப் பார்த்தார்.

பெருங்குடல் எதற்கு?

பிற்காலத்தில் முதுமையின் காரணத்தைத் தேடினார் மெச்னிகாவ். பெருங்குடலில் வாழும் கிருமிகள் உணவை அழுகச் செய்து விஷத்தை உண்டாக்குகின்றன, அந்த விஷமே மனிதனைக் கிழவனாக்குகிறது என்று கருதினார். பல்கேரிய நாட்டார் புளித்த பால் அருந்தி நெடுநாள் வாழ்வதாகக் கேள்விப்பட்டு, தாமும் நாள்தோறும் அருந்தினார். பாரிஸ் முதல் லண்டன் வரை தயிருக்குக் கிராக்கி ஏற்பட்டது.

ஆனால் பெருங்குடலே தேவையற்ற உறுப்பு என்றும் அவர் எண்ணினார். அந்தக் காலத்தில் லண்டனில் ஒரு பெயர்பெற்ற அறுவை மருத்துவர், குடல் விஷத்துக்கு அஞ்சி நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். பெரிய அறிஞரின் கருத்தானாலும், முழுதும் சோதிக்காமல் கைக்கொண்டால் ஆபத்து என்பதற்கு இது சான்று.

சளியைத் தின்னும் நண்பன்

குடல் கிருமிகள் எல்லாமே பகைவர்கள் அல்ல என்பது இன்று தெளிவாகியுள்ளது. பெருங்குடலின் உட்சுவரில் வழவழப்பான சளிப்படலம் உண்டு. கிருமிகள் சுவரைத் தொடாமல் காக்கும் வேலி அது. 2004-இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள், அந்தச் சளியையே தின்று வாழும் ஒரு நுண்ணுயிரை அறிவித்தனர். அதன் பெயர் ஆக்கர்மான்சியா. வேலியைத் தின்பது தீங்கல்லவா என்று கேட்கத் தோன்றும். அப்படியல்ல. அது சளியைத் தின்று சிறு அமிலங்களாக மாற்றுகிறது. அவை குடலுக்குப் பயன்படுகின்றன. சுவரும் புதிய சளியைச் சுரந்தபடி இருக்கிறது. உடல் பருத்தவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் இந்த நுண்ணுயிர் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

எதற்கும் அளவு உண்டு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நார்ச்சத்தே இல்லாத தீனி தின்ற எலிகளின் குடலில், கிருமிகள் பசி தாங்காமல் சளிப்படலத்தின் மேல் பாய்ந்தன. படலம் மெலிந்தது, நோய்க்கிருமி எளிதில் சுவரை நெருங்கியது. இது எலிகளிடம் கண்ட முடிவுதான். ஆனாலும் மோர் ஊற்றிச் சாப்பிடும்போது பக்கத்தில் கீரையோ அவரைக்காயோ சுண்டலோ இருக்கட்டும். வீட்டை விட்டு வந்து கடைச் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது மிகவும் அவசியம்.

இறுதி ஆசை

1916 ஜூலை 15-ஆம் நாள், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், இதய நோயால் மெச்னிகாவ் தமது 71-ஆம் வயதில் காலமானார். தம் உடலை அறுத்துச் சோதிக்கும்போது குடலைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று மருத்துவ நண்பரிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அஸ்தி பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.