ராஜராஜ சோழன்: தஞ்சை பெரிய கோயிலில் 400 கலைஞர்களுக்கு சம்பளம் போட்ட மன்னர் – பணம் எங்கிருந்து வந்தது?

ஒரு பெரிய பணக்காரர் கால்பந்து கிளப்பை வாங்குகிறார். சொந்தப் பணத்தைக் கொட்டுகிறார். ஊர் ஊராகத் தேடி நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டு வருகிறார். சம்பளம் எகிறுகிறது. எல்லாம் நல்லாத்தான் போகும், அந்த முதலாளி இருக்கும் வரை. அவர் போன பிறகு அடுத்த மாதச் சம்பளத்தை யார் கொடுப்பது?

இன்றைக்கு ஐரோப்பாவில் கோடிகளில் பேசப்படும் இந்தக் கேள்வி, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் ஒரு மன்னருக்கும் எழுந்திருக்கிறது. அவர் கட்டியது கிளப் இல்லை, கோயில். ஆனால் கணக்கு கிட்டத்தட்ட அதே கணக்குதான். முதலாளியின் முதலீடு எவ்வளவு, ஆண்டு வருமானம் எவ்வளவு, சம்பளத்துக்குப் போனது எவ்வளவு என்று கோயில் சுவரிலேயே வெட்டி வைத்துவிட்டுப் போனார் முதலாம் ராஜராஜ சோழன். அந்தக் கணக்கு வழியாக அவர் வாழ்க்கையைப் பார்க்கலாம் வாங்க.

காத்திருந்து வந்த அரியணை

இயற்பெயர் அருள்மொழிவர்மன். பிறந்தது ஐப்பசி மாதம் சதய நட்சத்திரத்தில். அப்பா சுந்தர சோழன், அம்மா வானவன் மாதேவி. அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டார். அடுத்து அருள்மொழிக்குத்தான் பட்டம் என்று பலர் எதிர்பார்த்தபோது, சித்தப்பா முறையான உத்தம சோழனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. கடைசியில் 985-ல் அரியணை ஏறினார். 1014 வரை ஆட்சி.

இந்த 29 ஆண்டுகளில் சேர, பாண்டிய நாடுகள், ஈழத்தின் வடபகுதி, இன்றைய கர்நாடகத்தின் தென்பகுதியான கங்கபாடி, நுளம்பபாடி என்று சோழ அதிகாரம் பரவியது. போரில் கிடைத்த பொன் ஒருபக்கம். அதைவிட முக்கியமானது 1001 வாக்கில் தொடங்கிய நில அளவை. எந்த ஊரில் எவ்வளவு விளைநிலம், அதில் எவ்வளவு வரி வரும் என்ற கணக்கு மன்னர் கைக்கு வந்தது. காவிரி பாயும் டெல்டாவில் நெல்தான் பணம். அந்த நெல்லை எண்ணத் தெரிந்தவர் ராஜராஜன்.

முதலாளி போட்ட முதல் எவ்வளவு?

தஞ்சாவூரில் எழுந்த கோயிலுக்கு ராஜராஜீஸ்வரம் என்று தன் பெயரையே வைத்தார். தன் 25-வது ஆட்சியாண்டின் 275-வது நாளில், அதாவது 1010-ல், விமானத்தின் உச்சியில் வைக்க செப்புக் குடம் கொடுத்தார். குடத்தின் எடை 3,083 பலம். அதன் மேல் போர்த்திய பொன் தகடு 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சு கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

வரலாற்று ஆசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி கல்வெட்டுகளைக் கூட்டிப் பார்த்துத் தந்த கணக்கு இது: 29-வது ஆட்சியாண்டு வரை மன்னர் கொடுத்த பொன் மட்டும் சுமார் 41,500 கழஞ்சு. ஒரு கழஞ்சு ஏறக்குறைய 5 கிராம் என்று வைத்தால், 200 கிலோவைத் தொடும். வெள்ளிப் பாத்திரங்கள் 50,650 கழஞ்சு. அக்கா குந்தவை தன் பங்குக்குக் கொடுத்த பொன் ஏறக்குறைய 10,000 கழஞ்சு. ராணிகளும் அதிகாரிகளும் கொடுத்தது தனி.

தான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னது மன்னரே. நகைகளின் எடையைக் குறிக்கும்போது பொன் எவ்வளவு, கோத்த சரடு எவ்வளவு, உள்ளே வைத்த அரக்கு எவ்வளவு என்று பிரித்தே எழுதினார்கள். இதைவிடக் கறாரான தணிக்கை வேறென்ன இருக்கு?

400 பேர், வீட்டு இலக்கத்தோடு

இனிதான் சம்பளக் கணக்கு. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து ஆடலும் பாடலும் தெரிந்த 400 பெண்களை ராஜராஜன் தஞ்சைக்கு வரவழைத்தார். இவர்களைத் தளிச்சேரிப் பெண்டுகள் என்கிறது கல்வெட்டு. திருவாரூர், பழையாறை, நாகப்பட்டினம் என்று பல ஊர்க்காரர்கள். கோயிலைச் சுற்றித் தெருக்கள் போட்டு வீடு கொடுத்தார்கள். எந்தத் தெரு, எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு, அதில் குடியிருப்பவர் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்று 400 பேருக்கும் பட்டியல் இருக்கிறது.

கால்பந்தில் ஒரு கிளப் இன்னொரு கிளப்பின் ஆட்டக்காரரை எடுத்தால் அதற்கு விலை பேசணும். இங்கே பேரம் இல்லை, ராஜாவின் உத்தரவு. வந்தவர்கள் தாங்களே விரும்பி வந்தார்களா என்பதை அந்தப் பட்டியலில் தேட முடியாது.

ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல் வரும் நிலம். கலத்துக்கு 12 குறுணி, குறுணிக்கு 8 நாழி. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 26 நாழி நெல் வருகிறது. ஒரு ஆள் சாப்பிட்டுத் தீர்க்க முடியாத அளவு அது. ஒரு குடும்பம் நடத்தி மிச்சமும் பிடிக்கலாம்.

இவர்களோடு நட்டுவர்கள், இசைக்காரர்கள், கணக்கர்கள், தையல்காரர்கள், தட்டார்கள் என்று 212 ஆண்கள். அவர்களுக்கு ஒதுக்கியது சுமார் 180 பங்கு. அதாவது ஆண்களில் பலருக்கு முழுப் பங்கு கூடக் கிடைக்கவில்லை. திருப்பதியம் பாட 48 பேர், கூட உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர் என 50 பேருக்குத் தினம் ஆளுக்கு 3 குறுணி நெல். இது வருஷத்துக்கு 91 கலம் வரும். பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வருமானத்தில் சம்பளம் எத்தனை சதவீதம்?

கோயிலுக்கு மன்னர் எழுதி வைத்த ஊர்களிலிருந்து வர வேண்டிய நெல், நீலகண்ட சாஸ்திரி கணக்குப்படி ஆண்டுக்கு 1,16,000 கலம். ஈழத்து ஊர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அன்றைய விலையில் ஒரு காசுக்கு 2 கலம் நெல். ஆக 58,000 காசு. இதுபோக ரொக்கமாக 1,100 காசு.

400 பங்கும் 180 பங்கும் சேர்ந்தால் 580 பங்கு. நெல்லில் 58,000 கலம். நெல் வருமானத்தில் சரிபாதி! பாடகர்களின் படியைச் சேர்த்தாலும் 54 சதவீதத்தைத் தாண்டாது. மீதி நெல் பூஜைக்கும் விழாவுக்கும் மற்றச் செலவுக்கும்.

இன்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா, தன் போட்டிகளில் ஆடும் கிளப்புகள் சம்பளம், வீரர் பரிமாற்றம், முகவர் கட்டணம் எல்லாம் சேர்த்து வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. பல கிளப்புகளுக்கு அதுவே மூச்சு முட்டுது. ராஜராஜனின் கணக்கு அந்தக் கோட்டுக்கு நல்லாவே கீழே நின்றது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மெய்க்காவல் போன்ற சில வேலைகளுக்கு ஆள் அனுப்பி, அவர்கள் செலவையும் ஏற்க வேண்டியது ஊர்ச் சபைகளின் பொறுப்பாக இருந்தது. கோயில் ஏட்டில் வராத சம்பளம் அது.

முதலாளி போன பிறகும் எப்படி ஓடும்?

2003-ல் செல்சி கிளப்பை வாங்கிய ரஷ்யப் பணக்காரர் ரோமன் அப்ரமோவிச், பெரும்பகுதிப் பணத்தைக் கடனாகத்தான் உள்ளே விட்டார். 2022-ல் அவர் வெளியேற வேண்டி வந்தபோது அந்தக் கடன் சுமார் 150 கோடி பவுண்டாக நின்றது.

ராஜராஜன் காலத்து ஏற்பாடு தலைகீழ். கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகளிடம் முதலாகக் கொடுத்தார்கள். முதலைத் திருப்பித் தர வேண்டாம். சூரியனும் சந்திரனும் உள்ளவரை வட்டி மட்டும் தரணும். ஆண்டு வட்டி காசுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12½ சதவீதம். நெல்லாகக் கொடுத்தால் காசுக்கு 3 குறுணி. விளக்குக்கும் இதே வழிதான். ஒரு விளக்குக்கு 96 ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். தினம் ஒரு உழக்கு நெய் வந்துவிட வேண்டும்.

ஆளுக்கும் விதி இருந்தது. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து பங்கை வாங்கிக்கொள்ளலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுத்து வைக்கணும். இதையெல்லாம் மேற்பார்க்க ஸ்ரீகாரியம் என்ற பதவி. அதில் இருந்தவர் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். இன்றைய மொழியில் சொன்னால் கிளப்பின் நிர்வாக இயக்குநர்.

யார் முதுகில் ஏறிய சுமை?

முடிவே இல்லாத வட்டியை யார் கட்டியது? வயலில் இறங்கி உழுதவர்கள்தான். மழை பொய்த்தாலும் ஆறு உடைந்தாலும் 3 குறுணி 3 குறுணிதான். ராஜராஜனின் 24-வது ஆட்சியாண்டு ஆணை ஒன்று உக்கல் கல்வெட்டில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரி கட்டாதவர் நிலத்தை ஊராரே எடுத்து விற்கலாம் என்கிறது அது. தஞ்சையில் கோயில் வேலை முடியும் தறுவாயில் வந்த உத்தரவு இது.

அதனால்தான் இவரைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. கலைஞர்களுக்கு வீடும் நிலமும் கொடுத்து ஊர் உருவாக்கிய மன்னர் என்பது உண்மை. அந்தச் செழிப்பு போர்க் கொள்ளையிலும் உழவர் வரியிலும் நின்றது என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க முடியாது.

பிறகு என்ன ஆச்சு?

1014-ல் ராஜராஜன் மறைந்தார். மகன் ராஜேந்திரன் தலைநகரைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினார். முதலாளியும் போய், அரண்மனையும் போன பிறகு கோயில் படுத்துவிட்டதா? இல்லை. ராஜராஜன் இறந்து 40 ஆண்டுக்கு மேல் ஆன பிறகு, பேரன் இரண்டாம் ராஜேந்திரன் காலத்தில், வைகாசி விழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆட ஒரு சாந்திக்கூத்தருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் ஒதுக்கியிருக்கிறார்கள். பழைய 100 கலத்தைவிட 20 கலம் கூடுதல்.

சூரியன் சந்திரன் உள்ளவரை என்று எழுதிய ஏற்பாட்டுக்கு ஊர்ச் சபையும் அதைக் கட்டவைக்கும் அரசும் தேவை. 1279-ல் சோழ ஆட்சி முடிந்தது. பாண்டியர், நாயக்கர், மராத்தியர் என்று கைகள் மாறின. தளிச்சேரித் தெருக்கள் போயின. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமும் 1947-ல் சென்னை மாகாணச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. 2010-ல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவில் 1,000 பரதக் கலைஞர்கள் அங்கே ஆடினார்கள்.

மன்னர் கொடுத்த பொன்னும் வெள்ளியும் இன்று அங்கே இல்லை. அதைப் பற்றிய கணக்கும், அதில் சம்பளம் வாங்கிய 400 பேரின் பட்டியலும் சுவரில் இருக்கின்றன. கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தை அண்ணாந்து பார்த்த பிறகு, கொஞ்சம் கீழேயும் பார்க்கலாம்.